ஒன்றே முக்கால் சுற்றில் மெட்ராஸ்!

மயிலாப்பூரில் என் அத்தை வீட்டு ரேடியோவுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. முகப்பில் பளபளவென்று உலோக எழுத்துக்களாக ஒட்டியிருந்தார்கள். அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஒரே ஒரு எழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வயசில் அதை நோண்டி எடுத்தவன் நான்தான் என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறாள். ஆதாரம் கிடையாது. ஆனாலும் தண்டனை தொடர்கிறது. அந்த ரேடியோவுக்கு என்ன வந்தாலும் ஓட வேண்டியவன் நான்.

அத்தை கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். 1974-ல், தன் சம்பளத்தில் 300 ரூபாய் கொடுத்து வாங்கிய ரேடியோ அது. பழுப்பு நிறத் தோல் உறை, தோளில் மாட்ட ஒரு வார், ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாக ஓட்டைகள். உறையின் பின்பக்கத்தில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம். ஆமாம், அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அத்தை மட்டும் புத்தகத்தை எடுக்கவில்லை. "திடீர்னு வந்து கேட்டான்னா?" என்பாள்.

நான் பி.காம். அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 ரூபாய் ரேடியோவுக்கு வருஷம் 10 சதவீதம் தேய்மானம், குறைந்து செல் இருப்பு முறையில் கழித்தால், 2016-ல் அதன் மதிப்பு 3 ரூபாய் 59 பைசா. இந்த முறையில் ஒரு விசேஷம். எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தேன். புரிந்தது அந்த 2016 டிசம்பரில்தான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அத்தைக்கு க்ளாக்கோமா. பார்வை ஓரங்களில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சுருங்கிக்கொண்டே வந்து, அப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும் அளவில் நின்றிருந்தது. பேப்பர் போச்சு. டி.வி. போச்சு. செல்போன் வாங்கிக் கொடுத்தோம். வழுவழுவென்று கண்ணாடிப் பலகை. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி. "இதுல எதுடா எது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ரேடியோ மட்டும் அவள் கையோடு ஒத்துழைத்தது. வால்யூம் குமிழைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், விரலுக்கு ஒரு சின்ன உதை. ஆன் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஸ்டேஷன் பிடிக்க இன்னொரு குமிழ். அத்தை அதை இடது கோடிக்குக் கொண்டுபோய் முட்ட வைப்பாள். அங்கிருந்து எண்ணிக்கொண்டே திருப்புவாள். ஒன்றே முக்கால் சுற்று, சென்னை வானொலியின் 720 கிலோ ஹெர்ட்ஸ். ஊர் பெயர் மாறிய பிறகும் அவளுக்கு அது 'மெட்ராஸ் ஏ'தான். ராத்திரி 9.15-க்கு பாண்ட் சுவிட்சை ஷார்ட் வேவுக்குத் தள்ளி, மறுபடி இடது கோடி, அங்கிருந்து மூன்றேகால் சுற்று. லண்டன். பி.பி.சி. தமிழோசை.

ஷார்ட் வேவில் இது சாதாரண விஷயமில்லை, சார். மீடியம் வேவில் ஸ்டேஷன்கள் தனித்தனி வீடு கட்டிக்கொண்டு இருக்கும். ஷார்ட் வேவில் ரங்கநாதன் தெரு மாதிரி. டயலில் ஒரு நூல் இடத்துக்குள் நாலு நாடு நெரித்துக்கொண்டு நிற்கும். இது போதாதென்று வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும், ஸ்டேஷன்கள் அலைவரிசையை மாற்றிக்கொள்ளும். அத்தை ஒவ்வொரு தடவையும் தேடிக் கண்டுபிடித்து, சுற்றுக் கணக்கைத் திருத்திக்கொள்வாள். பார்வை இல்லாதவள் லண்டனுக்கு வழி வைத்திருந்தாள். பார்வை உள்ள எனக்கு மந்தைவெளி போகவே கூகுள் மேப் வேண்டும்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல். ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு திறந்து, விளிம்பில் இருந்த ரேடியோவைத் தட்டிவிட்டது. கரண்ட் போயிருந்தது. செல்போன் டவர்களும் செத்திருந்தன. தெருவில் மரங்கள் படுத்திருந்தன. இருட்டில் தடவி எடுத்து ஆன் செய்தால்... பேசியது! மெட்ராஸ் ஏ. புயல் செய்தி. அத்தை குமிழைத் திருப்பினாள். அது வழவழவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. இடதிலும் முட்டவில்லை, வலதிலும் முட்டவில்லை. ரேடியோ பாட்டுக்கு மெட்ராஸ் ஏ-விலேயே நின்றது.

கரண்ட் இல்லாத மூன்று நாளும் அந்த ஒரு ஸ்டேஷன்தான் எங்களுக்கு வெளியுலகம். "கிடைச்சவரைக்கும் லாபம்" என்றாள் அத்தை. ஆனால் ராத்திரி 9.15 ஆனதும் கை தானாகக் குமிழுக்குப் போகும். சுற்றும். எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். டீச்சர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் நமக்குப் பயம் வருகிறது.

*

முதல் உதவி மாடி வீட்டு மாமாவிடமிருந்து வந்தது. மயிலாப்பூரில் மாடிக்கு ஒரு மாமாவும், மாமாவுக்கு ஒரு அமெரிக்கப் பிள்ளையும் உண்டு. பிள்ளை கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் ரேடியோவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"இதுல முள்ளு கிடையாது, குமிழ் கிடையாது. பட்டனை அமுக்கினா நம்பர் ஓடும். ஆனா ஒரு சனியன் பாரு... 720 நன்னா வரது. மத்த ரெண்டு மெட்ராஸ் ஸ்டேஷனும் ஜலதோஷம் பிடிச்சாப்பல பேசறது. நாலு வருஷமா இதே கதை."

அமுக்கிப் பார்த்தேன். எண்கள் 10, 10-ஆகத் தாவின. 770, 780, 790. சென்னையின் இன்னொரு அலைவரிசை 783. மற்றொன்று 1017. அந்த ரேடியோ 780-ல் நின்று 783-ஐக் கேட்கப் பார்க்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு நம் வீட்டுப் பேச்சைக் கேட்கிற மாதிரி.

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "எழுநூத்தி இருபது எதாலெல்லாம் வகுபடும்?"

"பத்தால" என்றேன்.

"ஒன்பதாலயும் வகுபடும். எழுநூத்தி எண்பத்தி மூணு?"

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். 87 ஒன்பது. 1017-க்கு 113 ஒன்பது.

விஷயம் இதுதான். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எல்லாம் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டு, 1978 நவம்பரிலிருந்து மீடியம் வேவ் ஸ்டேஷன்களை 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார வைத்தார்கள். அமெரிக்கா மட்டும் 10-லேயே இருந்துவிட்டது. அங்கே வாங்கிய டிஜிட்டல் ரேடியோவுக்குப் பத்தாம் வாய்ப்பாடுதான் தெரியும். எஃப்.எம்.மிலும் இதே தகராறு. அங்கே ஸ்டேஷன்கள் ஒற்றைப்படைப் புள்ளியில்தான் இருக்கும். 101.3, 101.5 என்று. சென்னை வானொலியின் ரெயின்போ எஃப்.எம்.மோ 101.4. மாமாவின் ரேடியோ அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறது.

குமிழ் வைத்த பழைய ரேடியோவுக்கு இந்தக் கவலையே இல்லை. அதற்கு வாய்ப்பாடே தெரியாது. எந்த நாட்டில் எந்த இடைவெளி வைத்தாலும், நகர்த்தினால் நகரும்.

அத்தை மாமாவின் ரேடியோவைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். இருபது பட்டன். எல்லாம் ஒரே சைஸ். "ரொம்ப தேங்க்ஸ்" என்று திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் நான் ரேடியோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தி.நகர் கிளம்பினேன்.

*

ஒரு சங்கதி நம்மில் பலருக்குத் தெரியாது. தி.நகரும் தமிழ்நாட்டு ரேடியோவும் கிட்டத்தட்ட ஒரே வயசு. இரண்டும் 1920-களில் பிறந்தவை. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் என்று ஆரம்பித்து ஒலிபரப்பினார்கள். 1927-ல் பணம் இல்லாமல் நின்றுபோனது. கிளப்பின் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு 1930-ல் நம்ம கார்ப்பரேஷன் தொடர்ந்தது. குப்பை அள்ளுகிற கார்ப்பரேஷன்தான்! கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்து சாயங்காலம் பாட்டுப் போட்டார்கள். 1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோ வந்து பொறுப்பெடுத்துக்கொண்டது. அதாவது இந்த ஊரில் ரேடியோ முதலில் தெருவுக்கு வந்தது. அப்புறம் வீட்டுக் கூடத்துக்குப் பெட்டியாகப் போனது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு தோளில் தொங்கிக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்தது.

பனகல் பார்க் வாசலில் இறங்கினபோது உள்ளே மரங்கள் சாய்ந்து கிடந்தன. நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்ததன் சூடு இன்னும் ஆறவில்லை. பாண்டி பஜாரில் நடக்க இடம் இருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

உஸ்மான் ரோடில் ஏ.சி. போட்ட ஒரு சர்வீஸ் சென்டர். டோக்கன் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்த பெண், "மாடல் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். நான் பெயரே இல்லாத ரேடியோவை மேஜைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்த பார்வையில், உறையைப் போட்டு மூடிவிடலாமா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. "ரேடியோ எடுக்கறதில்லை சார்."

ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு செல்போன் கடை. பையன் ரொம்பத் தங்கமானவன். ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தான்.

"சூப்பர் பாடி அண்ணா. உள்ளே இருக்கறதைத் தூக்கிக் கடாசிட்டு ஒரு போர்டு போட்டுத் தரேன். எஃப்.எம்., பென் டிரைவ், புளூடூத் எல்லாம் வரும். நானூறு ரூபாதான்."

"குமிழ்?"

"அது சும்மா ஷோவுக்கு இருக்கட்டும். பட்டன்ல மாத்திக்கலாம்."

"ஷார்ட் வேவ்?"

"அப்படின்னா?"

நியாயமான கேள்வி. அவன் பிறந்தபோதே ஷார்ட் வேவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் சபலமாகத்தான் இருந்தது. வெளியே அதே தோல் உறை, உள்ளே ஆயிரம் பாட்டு. ஆனால் அத்தை கை வைக்கும்போது அந்தக் குமிழ் 'சும்மா ஷோவுக்கு' இருக்கும் என்று நினைத்ததும், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அடையாறு டெப்போ பின்னாடி ஒரு பெரியவர் இருக்காரு. என் மாமாவுக்கே அவர்தான் தொழில் கத்துக் குடுத்தாரு. இருக்காரான்னு பாருங்க" என்று வழி சொன்னான்.

அடையாறு போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் ரேடியோ. பக்கத்து சீட்காரர், "வேலை செய்யுதா?" என்று கேட்டார். "ஒரு ஸ்டேஷன் மட்டும்" என்றேன். "எங்க வீட்டுலயும் அப்படித்தான், சம்சாரம் கையில ரிமோட் இருக்கு" என்றார்.

கையில் தூக்கிப் போகிற ரேடியோவின் சரித்திரமே வேடிக்கையானது. 1954-ல் அமெரிக்காவில் ரீஜென்ஸி டி.ஆர்-1 என்று முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. விலை 49 டாலர் 95 சென்ட். பிரமாதமான சின்ன சைஸ். ஆனால் அதற்கு 22½ வோல்ட் பாட்டரி ஒன்று வேண்டும். 1957-ல் ஜப்பானில் சோனி டி.ஆர்-63 செய்தார்கள். 'சட்டைப்பை ரேடியோ' என்று விளம்பரம். கடைசியில் பார்த்தால் ரேடியோ சட்டைப்பையை விட ஒரு இழை பெரிசு! என்ன செய்தார்கள் தெரியுமா? ரேடியோவைச் சின்னதாக்கவில்லை. விற்பனையாளர்களுக்குப் பை பெரிசாக வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்கள். கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டாவே தன் சுயசரிதையில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1953 முதல் 1963 வரை அமெரிக்காவில் விற்ற ரேடியோக்களின் டயலில் 640-லும் 1240-லும் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். எதிரி விமானம் குண்டு போட வந்தால் அந்த இரண்டு இடத்தில்தான் அரசாங்கம் பேசும் என்று அர்த்தம். பாட்டுக் கேட்கிற பெட்டியில் ஒரு தேசத்தின் பயத்தையே அச்சடித்து வைத்திருந்தார்கள். ஜப்பான்காரர்கள் தங்கள் ஊருக்கென்று செய்த பழைய ரேடியோக்களில் எஃப்.எம். 76-ல் ஆரம்பித்து 90-ல் முடியும். அதை பர்மா பஜாரில் மலிவாக வாங்கி வந்தவர்களுக்கு சென்னையின் எஃப்.எம்.கள் அநேகமாகக் கிடைக்காது. நம்ம அண்ணா பல்கலைக்கழக எஃப்.எம். 90.4. அரைப் புள்ளிகூட இல்லாத தூரத்தில் நழுவிப் போய்விடும்!

எந்த ரேடியோவை எடுத்தாலும், அதைச் செய்தவன் மனசில் ஒரு மனிதர் இருந்திருக்கிறார். சட்டைப்பை வைத்தவர், குண்டுக்குப் பயந்தவர், டோக்கியோவில் இருப்பவர். மயிலாப்பூரில் கண் தெரியாத கணக்கு டீச்சர் ஒருத்தியும் யார் மனசிலும் இருந்திருக்க மாட்டாள். அவளுக்கு எப்படி இது இவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்று யோசித்துக்கொண்டே டெப்போவில் இறங்கினேன்.

*

பெரியவர் இருந்தார். ஆறடிக்கு எட்டடிக் கடை. சுவர் முழுக்க ரேடியோ எலும்புக்கூடுகள். ரேடியோவை வாங்கினவர் முதலில் காதோரம் வைத்துக் குலுக்கினார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரி.

"நூல் அவுந்துடுச்சு தம்பி. கேங்குக்கு ஒண்ணும் ஆகலை."

பின் மூடியில் இருந்த திருகாணியின் பள்ளம் அகலமாக, லேசாக வளைந்து இருந்தது. ஸ்க்ரூ டிரைவருக்கானது இல்லையாம். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இருக்காது, காசு இருக்கும் என்று நினைத்துச் செய்தது. காசை விட்டுத் திருகினால் திறக்க வேண்டும். நான் பையைத் துழாவினேன். இரண்டாயிரம் ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதை வைத்துத் திருக முடியாது. சில்லறை வாங்கவும் முடியாது.

பெரியவர் சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு 25 பைசாவை எடுத்தார். "இது 2011-லயே செல்லாமப் போன காசு. ஆனா எனக்கு தினம் செல்லுது."

மூடி திறந்தது. பாட்டரி அறையில், கட்டைகளுக்கு அடியில் ஒரு துணிப் பட்டை. அதை இழுத்தால் நாலு பாட்டரியும் நகத்தை உடைக்காமல் எழுந்து வரும். கம்பெனி கொடுத்த ரிப்பன் எப்போதோ இற்றுப்போய், அத்தை தன் பழைய புடவைக் கரையைக் கிழித்துப் போட்டிருந்தாள். "அம்மா கெட்டிக்காரங்க" என்றார். டயல் விளக்குக்கு ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் மட்டும் எரியும், பாட்டரி மிச்சமாகட்டும் என்று. அவர் அமுக்கினார். எரியவில்லை. உள்ளே பார்த்தால் பல்பே இல்லை. எனக்கென்ன விளக்கு என்று அத்தை கழற்றச் சொல்லியிருப்பாள்.

வேலை பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார். குமிழுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருப்பது ஒரு நூல். குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, ஒரு சின்ன ராட்டினத்தில் ஏறி, பெரிய சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரம் கேங் கண்டென்சரைத் திருப்புகிறது. ஸ்டேஷன் மாறுகிறது. நாம் கண்ணாடிக்குள் பார்க்கிற சிவப்பு முள்? அது அந்த நூலில் துணி கிளிப் மாதிரி சும்மா மாட்டிக்கொண்டு போகிறது!

"முள்ளு பொய் சொல்லும் தம்பி. அதை ஒரு அங்குலம் தள்ளி மாட்டினாலும் ரேடியோவுக்குத் தெரியாது. ஜனங்க முள்ளைப் பாத்துட்டு ரேடியோவைத் திட்டுவாங்க."

அத்தை ஒரு நாளும் முள்ளை நம்பவில்லை. எவ்வளவு சரி!

"அந்த ஏரியல் கம்பியை நீட்டி வெச்சா மீடியம் வேவ் இன்னும் நல்லா வருமா?" என்றேன்.

"அது ஷார்ட் வேவுக்கு. மீடியம் வேவுக்கு உள்ள ஒரு கறுப்புக் கட்டை இருக்கு பாருங்க, ஃபெரைட். அதுதான் ஏரியல். எடுக்கலைன்னா ரேடியோவையே திருப்பி வைக்கணும், கம்பியை இல்லை. இதைச் சொன்னா யாரு கேக்கறாங்க? எல்லாருக்கும் கம்பியை நீட்டினாத்தான் திருப்தி."

மூலையில் கிடந்த ஒரு சின்ன வெளிநாட்டு ரேடியோவைக் காட்டினார். முகப்பில் பெருமையாகப் பத்து டிரான்சிஸ்டர் என்று போட்டிருந்தது. "இதுல ஆறுதான் வேலை செய்யுது. பாக்கி நாலும் சும்மா பத்த வெச்சிருக்கான். அறுபதுகள்ல இப்படி ஒரு பித்தலாட்டம். நிறைய டிரான்சிஸ்டர் இருந்தா ஒசத்தின்னு ஜனங்க எண்ணிப் பாத்து வாங்கினாங்க." எனக்குச் சில கம்பெனிகளின் டைரக்டர் போர்டு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

நடுவில் மாடி மாமாவின் டிஜிட்டல் ரேடியோ கதையைச் சொன்னேன். பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "பாட்டரியைக் கழட்டிட்டு அந்த அறைக்குள்ள பாக்கச் சொல்லுங்க. ஒம்பது, பத்துன்னு குண்டூசி முனை அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தாலும் இருக்கும்" என்றார். (இருந்தது. பாட்டரியை மாற்றும்போதெல்லாம் மாமா அதைப் பார்த்திருக்கிறார். ஏதோ தொழிற்சாலை ரகசியம் என்று தொடாமல் விட்டிருக்கிறார்.)

நூல் கட்டி முடித்ததும் நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அத்தைக்குப் பார்வை இல்லை. சுற்றை எண்ணித்தான் ஸ்டேஷன் பிடிக்கிறாள். மெட்ராஸ் ஒன்றே முக்கால், லண்டன் மூன்றேகால்.

பெரியவரின் கை நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கட்டிய நூலை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி. பழைய நூல் மெலிசு. இப்ப அது கிடைக்கிறதில்லை. நான் போட்டது கொஞ்சம் தடிமன். தண்டு அந்த அளவுக்குப் பருத்த மாதிரி ஆயிடும். ஒரு சுத்துக்கு நூல் கூடுதலா இழுக்கும். சுத்து கொஞ்சம் குறையும்."

இடது கோடியில் முட்ட வைத்து, குமிழில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அத்தை மாதிரியே எண்ணினார். மூன்று தடவை செய்தார். கடைக்கு வந்த ஒருவரைக் கையைக் காட்டி நிறுத்தி வைத்துவிட்டு எண்ணினார்.

"அம்மாகிட்ட சொல்லுங்க. மெட்ராஸ் ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி. மூணேகால்ல இருந்தது இனிமே மூணே அரைக்கால்ல வரும்."

அரைக்கால்! எட்டில் ஒரு பங்கு. அந்த வார்த்தையைக் கேட்டே எத்தனை வருஷமாச்சு!

"எவ்வளவு தரணும்?"

"நூத்தம்பது." என் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைப் பார்த்தார். "சில்லறைக்கு எங்க போறது? லண்டன் வந்தப்புறம் குடுங்க."

*

அன்று ராத்திரி 9.15. அத்தை சுவிட்சைத் தள்ளினாள். இடது கோடி. முட்டியது. முகத்தில் ஒரு நிம்மதி. ஒன்று... இரண்டு... மூன்று...

"அரைக்கால்னு சொன்னார் அத்தை, கால் இல்லே."

விரல் நின்றது. "யாரு, மெக்கானிக்கா? அரைக்கால்னா சொன்னார்?"

"ஆமாம்."

"எந்த ஸ்கூல்ல படிச்சாராம்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு இழை திருப்பினாள். கடல் இரைச்சல் மாதிரி ஒரு ஓசை, அதற்குள்ளிருந்து தமிழ் எழுந்து வந்தது. அத்தை குமிழிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அது வேறு மாதிரி வைத்துக்கொள்வது.

மறுநாளே ஏ.டி.எம். வரிசையில் நின்று நூறு ரூபாய் நோட்டு வாங்கி, அடையாறு போய்க் கடனை அடைத்தேன். லண்டன் வந்ததா என்று மட்டும் கேட்டார். அத்தை அவர் படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்டதைச் சொன்னேன். "அஞ்சாங் கிளாஸ்தான் தம்பி. ஆனா வாத்தியார் அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

நாலு மாசம் அந்தப் புதுக் கணக்கு ஓடியது. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பி.பி.சி. தமிழோசை வானொலி ஒலிபரப்பு நின்றது. 1941-ல் தொடங்கியது, 76 வருஷம். அத்தைக்கு முன்கூட்டியே தெரியும், ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுத் தயாராக உட்கார்ந்தாள். நானும் போயிருந்தேன். முழுக்கக் கேட்டாள். முடிந்ததும், "நல்லவேளை, நூல் கட்டிண்டு வந்தே" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் ராத்திரியும் போனேன். 9.15 ஆனதும் கை தானாகப் போயிற்று. ஷார்ட் வேவ், இடது கோடி, எண்ணிக்கை. இரைச்சல் மட்டும் வந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வார்த்தை தேடினேன். அத்தை இரண்டு நிமிஷம் அந்த இரைச்சலையே கேட்டாள்.

"ஸ்டேஷன்தான் இல்லே. இடம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு சுவிட்சை மீடியம் வேவுக்குத் தள்ளினாள். குமிழை இடது கோடியில் முட்ட வைத்தாள். அங்கிருந்து ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி.

மெட்ராஸ்.